உச்சந்தலையில் முடிந்த பி.பி. மாத்திரை

வழுக்கைக்கு மருந்து கண்டுபிடிக்கலாம் என்று யாரும் புறப்படவில்லை. புறப்பட்டது வயிற்றுப்புண்ணுக்கு. நடுவில் ரத்தக் கொதிப்புப் பக்கம் திரும்பி, அங்கே பல வருஷம் தங்கி, கடைசியில் ஆண்களின் உச்சந்தலையில் வந்து உட்கார்ந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். குரங்குக்கு உடம்பெல்லாம் முடி என்பதால் பழமொழி இங்கே கூடுதலாகவே பொருந்துகிறது.

மருந்தின் பெயர் மினாக்ஸிடில். நம்மூர் மருந்துக் கடைகளிலும் சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் கிடைக்கிறது. நெற்றி மேலே ஏறத் தொடங்கியவர்கள் அதைக் கேட்டு வாங்கும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பி.பி. மாத்திரை கேட்பவர் யாரும் அப்படிக் குரலைத் தாழ்த்துவதில்லை. பாட்டிலில் இருப்பதும் ஒரு பி.பி. மருந்துதான் என்பது கேட்பவருக்கும் பெரும்பாலும் தெரியாது.

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் கலமசூ என்றொரு ஊர். அங்கே 1886-இல் வில்லியம் அப்ஜான் என்ற டாக்டர் ஒரு மாத்திரைக் கம்பெனி தொடங்கினார். அந்தக் காலத்து மாத்திரைகள் கல்லுப்போல் இறுகிக் கிடக்கும். பல சமயம் வயிற்றில் கரையாமல் விழுங்கியபடியே வெளியே வந்துவிடும். கட்டைவிரலால் அழுத்தினாலே பொடியாகும் மாத்திரையை அப்ஜான் செய்தார். மாத்திரையைக் கட்டைவிரல் நசுக்குகிற படம்தான் கம்பெனியின் விளம்பரம். ஆக, வயிற்றோடு அந்தக் கம்பெனிக்குப் பழைய பந்தம் உண்டு.

1950-களின் பிற்பகுதியில் அங்கே வயிற்றுப்புண்ணுக்காக ஒரு வேதிப்பொருளை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புண் ஆறவில்லை. ஆனால் நாய்களின் ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்துகொடுத்தன. குழாய் விரிந்தால் அழுத்தம் இறங்கும். கடுமையான ரத்தக் கொதிப்புக்குக் கைவசம் இருந்த மருந்துகள் சொற்பமாக இருந்த காலம் அது. வயிற்றுப்புண்ணை அப்படியே விட்டுவிட்டுக் கம்பெனி இந்தப் பக்கம் திரும்பியது. மூலப்பொருளை இப்படியும் அப்படியும் மாற்றி இருநூறுக்கு மேற்பட்ட சேர்மங்களைச் செய்தார்கள். அதில் ஒன்று 1963-இல் பிறந்தது. அதற்கு யு-10,858 என்று எண் போட்டார்கள். காப்புரிமைப் பத்திரத்தில் ஆண்டனி, உர்ஸ்ப்ருங் என்ற இரண்டு வேதியியலாளர்களின் பெயர் இருக்கிறது. அந்த எண்தான் பிறகு மினாக்ஸிடில் ஆனது. முடி என்ற பேச்சே அதுவரை யார் வாயிலும் வரவில்லை.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி வாங்கி, கொலராடோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் சிட்சி என்ற மருத்துவப் பேராசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் நோயாளிகள் சாதாரணப் பி.பி. காரர்கள் இல்லை. வேறு எந்த மருந்துக்கும் மசியாத கொதிப்பு உள்ளவர்கள். அவர்களுக்கு அழுத்தம் இறங்கியது. கூடவே உடம்பில் நீர் கோத்தது, நெஞ்சு படபடத்தது. அதனால் இதயத் துடிப்பை அடக்க ஒரு மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை என்று துணைக்கு இரண்டு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் டாக்டர்கள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. நோயாளிகளுக்கு முடி முளைத்தது.

எங்கே முளைத்தது என்பதைப் பின்னால் மாத்திரையோடு வந்த குறிப்புத்தாளே வரிசையாகச் சொல்கிறது. முதலில் நெற்றிப்பொட்டில். அப்புறம் இரண்டு புருவத்துக்கும் நடுவில், நெற்றியில், கிருதா இறங்கும் கன்னத்தில். பிறகு முதுகு, கை, கால், தலை. தலை கடைசி. மருந்து தொடங்கி மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள், சாப்பிடுகிறவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு இது நடக்கும். உயிர் பிழைக்க மாத்திரை விழுங்கிய ஒரு பெண் கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்து என்ன பாடு பட்டிருப்பாள் என்று யோசித்துப் பார்க்கலாம். பின்னால் இந்த மருந்து சம்பாதித்த பணம் முழுவதும் அவளைப் போன்றவர்களின் தொல்லையிலிருந்து வந்தது.

இங்கே கதைக்குள் வருகிறவர் குந்தர் கான். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதில் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்து தோல் மருத்துவர் ஆனவர். 1971 வாக்கில் கொலராடோவில் இருந்தார். கண்டபடி முளைக்கும் இந்த முடி விஷயம் தோல் டாக்டர் என்ற முறையில் அவர் பார்வைக்கு வந்தது. மற்றவர்கள் பக்க விளைவு என்று எழுதி வைத்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். கான் வேறு கணக்குப் போட்டார். வாயில் போட்டால் உடம்பு முழுக்க முளைக்கிற முடி, குறிப்பிட்ட இடத்தில் தடவினால் அந்த இடத்தில் மட்டும் முளைக்காதா? பால் கிராண்ட் என்ற சக மருத்துவரோடு சேர்ந்து, கைக்குக் கிடைத்த மருந்தை ஆல்கஹால் கலந்த திரவங்களில் கரைத்து ஒரு சதவீதக் கரைசல் செய்தார். இன்று பாட்டிலில் இருப்பது அந்த யோசனைதான், அளவுதான் கூடியிருக்கிறது.

கம்பெனிக்குச் சொல்லாமல் கம்பெனியின் மருந்தை வைத்து நடந்த வேலை என்பதால் அப்ஜான் சந்தோஷப்படவில்லை. கானும் கிராண்டும் காப்புரிமைக்குப் போனபோது கம்பெனி அதே உபயோகத்துக்குத் தன் பெயரில் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தது தெரிந்தது. வழக்கு ஒரு பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. 1986-இல் வழங்கப்பட்ட காப்புரிமையில் சிட்சியின் பெயரோடு கானின் பெயரும் சேர்ந்தது. கானுக்கும் கிராண்டுக்கும் விற்பனையில் பங்கு கிடைத்தது. இந்த வழக்கில் என் அனுதாபம் கான் பக்கம். மருந்தைச் செய்தது கம்பெனி, கொடுத்துப் பார்த்தது சிட்சி, சரி. ஆனால் தொல்லையைப் பார்த்து ‘இதை யாராவது காசு கொடுத்து வாங்குவார்கள்’ என்று நினைத்தவன் இல்லாவிட்டால் அது தொல்லையாகவே கிடந்திருக்கும்.

இவ்வளவு பெரிய புதையல் கையில் கிடைத்தும் கம்பெனி ஏன் ஓடவில்லை என்று கேட்கத் தோன்றும். 1971-இல் தெரிந்த விஷயம் அமெரிக்கக் கடைக்கு வர 1988 ஆனது. வழக்கும் சோதனைகளும் ஒரு காரணம். கௌரவம் இன்னொரு காரணம் என்பது என் ஊகம். அந்த நாளில் ‘முடி வளர மருந்து’ என்று சொன்ன எவனும் யோக்கியன் இல்லை. மூவாயிரத்து ஐந்நூறு வருஷம் பழைய எகிப்திய மருத்துவச் சுவடியில் நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, மலையாடு இவற்றின் கொழுப்பைக் கலந்து தலையில் தேய்க்கச் சொல்லும் குறிப்பு இருக்கிறது. அன்று தொடங்கிய வரிசை தைலக்காரர், லேகியக்காரர், மின்சாரச் சீப்பு விற்றவர் என்று அறுபடாமல் வருகிறது. ஆராய்ச்சிக்கூடமும் வெள்ளைக் கோட்டும் உள்ள ஒரு கம்பெனிக்கு அந்த வரிசையில் போய் நிற்கக் கூச்சம் இருந்திருக்கும்.

மருந்து கிடைக்காத ஆண்கள் மறைத்தார்கள். ஜூலியஸ் சீசர் பின்னால் இருந்த கொஞ்ச முடியை முன்னால் இழுத்து வாரிக்கொள்வார் என்றும், ரோம் கொடுத்த மரியாதைகளிலேயே எப்போதும் வெற்றி மாலை அணிந்துகொள்ளும் உரிமையைத்தான் அதிகம் விரும்பினார் என்றும் சூட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். மாலை தலையில்தானே இருக்கும். உலகத்தை ஜெயித்தவருக்கே இந்த நிலை. பைபிளில் எலிசா தீர்க்கதரிசியை மொட்டைத் தலையன் என்று கேலி செய்த பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பது தேவாலயம் போகிறவர்களுக்குத் தெரியும்: காட்டிலிருந்து இரண்டு கரடிகள் வந்தன.

மறைக்கும் கலை உச்சத்தைத் தொட்டது மினாக்ஸிடில் வழக்கு நடந்துகொண்டிருந்த அதே வருஷங்களில்தான். 1977 மே மாதம் அமெரிக்க அரசு ஒரு காப்புரிமை வழங்கியது. எண் 4,022,227. ஃப்ளோரிடாவின் ஒர்லாண்டோவைச் சேர்ந்த ஃப்ராங்க் ஸ்மித், டொனால்ட் ஸ்மித் என்ற தந்தையும் மகனும் வாங்கியது. ஓரத்து முடியை நீளமாக வளர்த்து மூன்று பகுதியாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்றாக வழுக்கையின் குறுக்கே படியவைத்து ஸ்ப்ரே அடிக்கும் முறைக்குத்தான் காப்புரிமை. படம் போட்டு, படிப்படியாக விளக்கியிருப்பார்கள். உலகமெங்கும் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவர் தினமும் காலையில் இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலை! 2004-இல் இதற்கு இக் நோபல் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். நான் முழுக்கச் சிரிக்கமாட்டேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துப் பஸ்ஸில் ஜன்னல் சீட்டைத் தவிர்க்கிற ஒரு மனிதரைத் தெரிந்தவர்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

வழுக்கைக்கு உண்மையான காரணம் அதற்கு வெகு முன்பே தெரிந்துவிட்டது. விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று ஹிப்பாக்ரடீஸ் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற உடற்கூற்றியல் அறிஞர் அதைச் சோதித்து உறுதி செய்தார். பருவம் வருமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு முடி கொட்டவில்லை. அவர்களுக்கு ஆண் ஹார்மோனை ஊசியாகக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்குக் கொட்டத் தொடங்கியது. ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும். தொப்பி போட்டதாலோ, உப்புத் தண்ணீரில் குளித்ததாலோ, ராத்திரி கண் விழித்ததாலோ வருவது இல்லை. காரணம் தெரிந்ததால் ஒரு சிகிச்சையும் தெரிந்தது என்றுகூடச் சொல்லலாம். அந்தச் சிகிச்சைக்கு ஆள் வரமாட்டான் என்பதுதான் சிக்கல்.

1979-இல் மினாக்ஸிடில் லோனிடென் என்ற பெயரில் மாத்திரையாக அனுமதி பெற்றது. ரத்தக் கொதிப்புக்கு மட்டும். அடுத்த வருஷ டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு சின்னக் கடிதம் வந்தது. பி.பி.க்காக இந்த மாத்திரை சாப்பிட்ட வழுக்கைக்காரர் ஒருவருக்குத் தலையில் முடி திரும்பியதாக ஸப்பகோஸ்டா என்ற டாக்டர் எழுதியிருந்தார். அதற்குமேல் யாராலும் வாயை மூட முடியவில்லை. மருந்துக்கடைக்காரர்கள் மாத்திரையை நுணுக்கித் திரவத்தில் கலந்து கொடுத்தார்கள். டாக்டர்கள் சீட்டு எழுதினார்கள். நுணுக்குவதற்கு வசதியான மாத்திரை செய்து பெயர் வாங்கிய கம்பெனி என்பதை மறந்துவிடக்கூடாது.

கம்பெனி வேறு வழியில்லாமல் முறையான சோதனைக்கு வந்தது. உச்சந்தலையில் ஒரு அங்குல வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் முடியை மாதக் கணக்கில் எண்ணினார்கள். நான்கு மாதம் கழித்து மருந்து தடவியவர்களில் 26 சதவீதம் பேர் தங்களுக்குச் சுமாராகவோ அடர்த்தியாகவோ முடி வளர்ந்ததாகச் சொன்னார்கள். மருந்தே இல்லாத வெறும் திரவத்தைத் தடவியவர்களிலும் 11 சதவீதம் பேர் அப்படியே சொன்னார்கள். முதல் எண் விஞ்ஞானத்துக்கு முக்கியம். மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டாவது எண் போதும். ஒன்றுமில்லாத தண்ணீரைத் தடவிக்கொண்டு கண்ணாடியில் முடியைப் பார்த்தவர்கள் பத்தில் ஒருவர்.

எண்ணியது உச்சியில் என்பதைக் கவனிக்க வேண்டும். மருந்துக்கு அனுமதி கிடைத்ததும் உச்சி வழுக்கைக்குத்தான். முன்நெற்றியில் அது செய்கிற வேலை குறைவு. ஆனால் ஒரு ஆண் தினமும் கண்ணாடியில் பார்ப்பது முன்நெற்றியை. உச்சியைப் பார்ப்பவர்கள் பின்னால் வரிசையில் நிற்கிறவர்களும் மாடியிலிருந்து எட்டிப்பார்க்கிறவர்களும்தான். அவன் கவலை ஓரிடத்தில் இருக்க, மருந்து இன்னோரிடத்தில் வேலை செய்தது.

1988 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்துத் துறையின் அனுமதி வந்தது. கம்பெனி முதலில் வைக்க நினைத்த பெயர் இழந்ததைத் திரும்பப் பெறுவது என்ற பொருள்பட இருந்தது. அவ்வளவு வாக்குறுதி தரக்கூடாது என்று அதிகாரிகள் தடுக்க, எழுத்தை மாற்றி ரோகெய்ன் ஆக்கினார்கள். டாக்டர் சீட்டுக்குத் தருகிற மருந்தை ஜனங்களிடம் நேராக விளம்பரம் செய்வதும் அன்று அங்கே புது விஷயம். ஆரம்ப விளம்பரங்களில் மருந்தின் பெயரே இருக்காது. முடி கொட்டுகிறதா, டாக்டரைப் பாருங்கள், அவரிடம் வழி இருக்கிறது என்பதோடு முடிந்துவிடும். ரகசியக் குரலில் பேசிய இந்த விளம்பரம் பொருளுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம், சீட்டில்லாமல் முடி வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்ட மற்ற எல்லாத் தைலத்துக்கும் அமெரிக்காவில் தடை வந்தது. எகிப்தில் தொடங்கிய வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் சட்டப்படி வெளியேறினார்.

தலைக்குள் நடப்பது இதுதான். முடியின் வேர்ப்பை ஒவ்வொன்றும் சில வருஷம் வளர்க்கும், சில மாதம் ஓய்வெடுக்கும், பழைய முடியை உதிர்த்துவிட்டு மறுபடி தொடங்கும். வழுக்கை விழும் இடத்தில் ஹார்மோனின் தாக்கத்தால் வளரும் காலம் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே போகும். முடி மெலிந்து பூனைமயிராகி, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போகும். மினாக்ஸிடில் ஹார்மோனைத் தொடுவதே இல்லை. ஓய்வு நேரத்தைச் சுருக்கி வளர்ச்சியைச் சீக்கிரம் தொடங்கவைக்கிறது. வளரும் காலத்தை நீட்டுகிறது. அதுவும் நேரடியாக முடியாது. தலைத்தோலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் வேலை செய்யும். அந்த நொதி சிலருக்கு நிறைய, சிலருக்குக் கொஞ்சம். பக்கத்து வீட்டுக்காரருக்கு முளைத்தது நமக்கு ஏன் முளைக்கவில்லை என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

தடவத் தொடங்கிய சில வாரத்தில் ஓய்விலிருந்த பழைய முடியெல்லாம் ஒன்றாகக் கொட்டும். முடி வளரக் காசு கொடுத்தவன் தலையணையில் முன்பைவிட அதிகமாகப் பார்ப்பான். பலர் இங்கேயே பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். தாண்டி வந்தவனுக்கு நாலு மாதத்திலோ ஆறு மாதத்திலோ பலன் தெரியலாம். தெரிந்தால் அவன் மாட்டிக்கொண்டான். ஏனென்றால் நிறுத்தினால் மூன்று நான்கு மாதத்தில் வளர்ந்ததெல்லாம் போய்விடும். தடவாமலே இருந்திருந்தால் எங்கே நின்றிருப்பானோ அங்கே கொண்டுபோய் விடும். காலையில் ஒரு மில்லி, ராத்திரி ஒரு மில்லி, உயிர் உள்ளவரை. வீட்டில் பூனை இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. தடவிய தலையையோ தலையணையையோ நக்கிய பூனைக்கு இது கொடிய விஷம்.

இந்த மருந்துக்கு முன்னால் ஒரு ஆணுக்கு இரண்டு வழி இருந்தது. டோப்பாவோ குறுக்கு வாரலோ வைத்து மறைப்பது. இல்லையென்றால் போகட்டும் என்று விட்டுவிடுவது. மினாக்ஸிடில் நடுவில் ஒன்றைக் கொண்டுவந்தது: முடிவெடுக்காமல் இருப்பது. மறைத்தவனும் இல்லை, ஒப்புக்கொண்டவனும் இல்லை, சிகிச்சையில் இருப்பவன். இந்த நிலையை எவ்வளவு வருஷம் வேண்டுமானாலும் நீட்டலாம். டோப்பாவில் ஒரு பொய் இருந்தாலும் ஒரு முடிவு இருந்தது. மருந்து பொய் சொல்லவில்லை, முடிவையும் எடுக்கவிடவில்லை. இதைக் குறை என்று நான் சொல்ல வரவில்லை. சிலருக்கு அந்த அவகாசமே பெரிய ஆறுதல். ஆனால் விற்கப்பட்டது முடி என்பதைவிட அவகாசம் என்பதே சரி.

வழுக்கைக்கு வந்த இரண்டாவது மருந்தின் பிறப்பும் இதே போலத் தற்செயல்தான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டொமினிகன் குடியரசின் ஒரு கிராமத்தில் சில பிள்ளைகள் பிறக்கும்போது பெண்போலத் தோன்றி, பருவத்தில் ஆண்களாக மாறினார்கள். ஜூலியான் இம்பெராடோ-மெக்கின்லி என்ற மருத்துவர் 1974-இல் அதன் காரணத்தை எழுதினார்: ஆண் ஹார்மோனை இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாற்றும் ஒரு நொதி அவர்களுக்குக் குறைவு. அவர்களுக்கு வயதானாலும் ப்ராஸ்டேட் வீங்கவில்லை, வழுக்கையும் விழவில்லை. மெர்க் கம்பெனி அந்த நொதியை அடக்கும் ஃபினாஸ்டரைடைச் செய்து, 1992-இல் ப்ராஸ்டேட்டுக்கு 5 மில்லிகிராமாகவும், 1997-இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராமாகவும் விற்றது. ஹாமில்டன் சொன்ன காரணத்தைக் கத்தி இல்லாமல் தொட்டது இதுதான். பாலுறவு சம்பந்தமான பக்க விளைவு சிலருக்கு உண்டு என்பதால் அதைப் பற்றிய பேச்சு இன்னும் மெல்லிய குரலில் நடக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், மினாக்ஸிடில் கடைக்கு வந்த அதே காலத்தில்தான் மருந்தே வேண்டாம் என்ற பேஷனும் வந்தது. யுல் பிரின்னர் 1951-இல் ‘தி கிங் அண்ட் ஐ’ நாடகத்தில் சயாம் ராஜாவாக நடிக்க மழித்த தலையைச் சாகும்வரை அப்படியே வைத்திருந்தார். டெலி சவாலஸ் ஒரு படத்தில் பிலாத்துவாக நடிக்க மழித்து, பிறகு கோஜாக் என்ற துப்பறியும் அதிகாரியாக அந்தத் தலையோடே டி.வி.யில் கொடிகட்டினார். இவர்கள் விதிவிலக்குகள். விதியை மாற்றியவர் மைக்கேல் ஜோர்டான். 1980-களின் கடைசியில் முடி குறையத் தொடங்கிய அந்தக் கூடைப்பந்து வீரர் மொத்தமாக வழித்துவிட்டார். அவரைப் பார்த்து முடி உள்ள பையன்களே வழித்துக்கொண்டார்கள். ரோகெய்ன் வந்த சமயத்தில் இப்படி ஒரு போட்டி வரும் என்று கலமசூவில் யாரும் கணக்குப் போட்டிருக்கமாட்டார்கள். இந்தப் போட்டிச் சரக்கின் விலை ஒரு பிளேடு.

2012-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் கல்லூரியைச் சேர்ந்த ஆல்பர்ட் மேனஸ் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரே ஆணின் படத்தை முடியோடும் கணினியில் முடியை நீக்கியும் காட்டினால், மழித்த தலையை மக்கள் அதிக ஆளுமை உள்ளவராக, ஓர் அங்குலம் அதிக உயரமாக, 13 சதவீதம் அதிக வலுவுள்ளவராக மதிப்பிட்டார்கள். கவர்ச்சியில் மட்டும் மார்க் குறைந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: மூன்று நிலைகளில் மிகக் குறைவான மதிப்பு வாங்கியது, பாதி முடியோடு இருக்கும் தலை. அதாவது மினாக்ஸிடில் யாரைக் காத்து வைக்கிறதோ அந்தத் தலை. எல்லாரும் பயப்படுவது வழுக்கைக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வழுக்கை ஆகிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

நம் ஊரில் இந்த விஷயத்துக்கு ஒரு தனி வசதி உண்டு. இங்கே மழித்த தலையைப் பார்த்தால் முதல் கேள்வி ‘பழனியா, திருப்பதியா?’ என்பதுதான். கொட்டுகிறதே என்று வழித்தவர்கூட முருகன் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சில மாதத்தில் கேள்வி மாறும்: ‘என்ன, இன்னும் வளரலையா?’ சாமியின் பெயரைச் சொல்லி எவ்வளவு நாள் ஓட்டமுடியும்? இதற்கிடையில் திருப்பதியில் காணிக்கையாக விழும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. வெளிநாட்டு டோப்பாக்களில் அது போய்ச் சேர்கிறது. ஒருவர் சாமிக்காக விட்டுக்கொடுத்ததை இன்னொருவர் மறைப்பதற்காக வாங்கிக்கொள்கிறார். சாமிக்கு இரண்டு பக்கமும் வரவு.

ரஜினிகாந்த் இந்த விஷயத்தில் செய்ததை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். திரையில் டோப்பா, தரையில் வழுக்கை. மேடையிலும் விமான நிலையத்திலும் கல்யாண வீட்டிலும் இருக்கிற தலையோடே வந்து நிற்கிறார். முடியைக் கோதிவிடும் ஸ்டைலில் பாதிப் புகழ் சம்பாதித்த நடிகர் இதைச் செய்தார் என்பது கவனிக்கத் தக்கது. டோப்பா தொழிலுக்கானது, தலை தனக்கானது என்று இரண்டையும் பிரித்து வைத்துவிட்டார். மறைப்பதா ஒப்புக்கொள்வதா என்ற கேள்விக்கு இரண்டும் என்று பதில் சொல்ல முடியும் என்று அமெரிக்காவில் யாரும் இவ்வளவு இயல்பாகக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவருடைய ரசிகர்களில் எத்தனை பேர் அதைப் பின்பற்றினார்கள் என்பது வேறு விஷயம். சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்த அளவுக்கு இதைப் பிடிக்கவில்லை.

மருந்துக்கு வருவோம். 1991-இல் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. 1996-இல் சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்றானது; அதே வருஷம் மற்றக் கம்பெனிகளும் செய்யத் தொடங்கி விலை இறங்கியது. அடுத்த வருஷம் 5 சதவீதக் கரைசல் வந்தது, 2006-இல் நுரை வந்தது. அப்ஜான் 1995-இல் ஃபார்மசியாவோடு கலந்தது. 2003-இல் ஃபைசர் அதை விழுங்கியது. கலமசூவை ஒட்டிய போர்ட்டேஜில் இருந்த அப்ஜானின் பழைய தொழிற்சாலையிலிருந்துதான் 2020 டிசம்பரில் அமெரிக்காவுக்கான ஃபைசரின் முதல் கோவிட் தடுப்பூசி லாரிகள் கிளம்பின.

இப்போது தோல் மருத்துவர்கள் பழைய மாத்திரையை மறுபடி எழுதுகிறார்கள். கொதிப்புக்குக் கொடுத்த அளவில் சிறு பங்கு. ஒரு மாத்திரையில் பாதி, கால் என்று உடைத்து. ஆஸ்திரேலியாவின் ராட்னி சின்கிளேர் போன்றவர்கள் பெண்களுக்கு மிகக் குறைந்த அளவில் கொடுத்துப் பலன் எழுதியபிறகு இது பரவியது. தினம் இரண்டு வேளை பிசுபிசுப்பைத் தடவுவதைவிட ஒரு துண்டு மாத்திரை எளிது. மற்றவர் கண்ணிலும் படாது. இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்ற எச்சரிக்கை அப்படியே நிற்கிறது. கன்னத்திலும் கையிலும் முளைப்பதும் குறைந்த அளவில் தொடர்கிறது. அதை எடுக்க வேறு செலவு.

முடி கொட்டுவதற்கு இந்த மாத்திரை என்று அரசு அச்சடித்துத் தந்த அனுமதி அமெரிக்காவில் இன்றுவரை இல்லை. டாக்டர்கள் தங்கள் பொறுப்பில் எழுதுகிறார்கள். அனுமதி கேட்க ஆயிரக்கணக்கானவர்களை வைத்துச் சோதனை நடத்தவேண்டும்; கோடிக்கணக்கில் ஆகும். காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. யார் செலவு செய்து நிரூபித்தாலும் பழைய மாத்திரையை எல்லாரும் விற்றுக்கொண்டே இருக்கலாம். ஒரு காலத்தில் யாருடையது என்று பத்து வருஷத்துக்கு மேல் சண்டை போட்ட சரக்குக்கு பிறகு வெகுகாலம் முன்வந்து செலவு செய்ய ஆளில்லை.